மில்லில் நான், காட்டில் ஏசா

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று முதல் மர மில்லில் நான் ஷிப்ட் ஃபோர்மேன். மஞ்சள் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு வெள்ளை கொடுத்தார்கள். உள்ளே இருக்கும் தலை அதேதான். காரில் வேறு யாரும் இல்லை என்ற தைரியத்தில் அதைப் போட்டுக்கொண்டே வீடு வந்தேன். மனைவி பைவி பார்த்துவிட்டு, "கழட்டி வச்சுட்டு உருளைக்கிழங்கை உரி" என்றாள். மகள் ஊனா போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினாள். யாருக்கு என்று கேட்கவில்லை. நம் அதிகாரம் எதுவரை செல்லும் என்று முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

செப்டம்பர் 11, வியாழன்

வியாழன் எங்கள் ஷிப்டின் சவுனா முறை. ஏரிக்கரையில் மில்லுக்கென்றே இருக்கும் சூட்டறை. துணியே இல்லாமல் வேர்த்து வடிகிறவனுக்கு என்ன பதவி? இருக்கிறதாம். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஏசா — என்னோடு ஒரே வாரத்தில் மரம் அறுக்க வந்தவன், ஒரே லைனில் நரைத்தவன் — மேல் பலகையில் நகர்ந்து இடம் விட்டான். சூடான கல்மேல் தண்ணீர் ஊற்ற யாரும் கரண்டியைத் தொடவில்லை.

"ஊத்துங்கப்பா. இதுக்குமா நான் சொல்லணும்?"

"ஆர்டர் வந்தாச்சு" என்று ஏசா ஊற்றினான். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். காது ஏன் அப்படி எரிந்தது? சூட்டினால் என்று வைத்துக்கொள்வோம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மேனேஜர் ஹென்ரீக்கா மாடி அறைக்குக் கூப்பிட்டாள். நான் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், அவளும் என்னை அப்படித்தான். ஆனாலும் அவள் கதவை நான் ஒற்றை விரலால்தான் தட்டுகிறேன். "லைன் அடிக்கடி நிக்குது, ஜார்மோ. போர்டுல உற்பத்தி நம்பர் ஏறணும்" என்றாள். பிறகு ஏதோ ஜோக் சொன்னாள். அந்த ஜோக்குக்கு அவ்வளவு சிரித்திருக்க வேண்டியதில்லை.

கீழே வந்து என் ஆட்களிடம், "எப்படியாவது சமாளிங்க" என்றேன்.

செப்டம்பர் 18, வியாழன்

சாப்பாட்டின்போது ஊனாவிடம், "இன்னிக்கு நிலவரம் என்ன?" என்று கேட்டிருக்கிறேன். "அப்பா, இது அடுப்படி" என்றாள்.

செப்டம்பர் 25, வியாழன்

இந்த வாரம் நம்பர் ஏறியது. எப்படி என்று நான் கேட்கவில்லை. இன்று சவுனாவில் ஏசாவே சொன்னான். ரம்பத்தின் பாதுகாப்புக் கதவில் சென்சார் கெட்டிருக்கிறது. கதவு கொஞ்சம் ஆடினாலே லைன் நின்றுவிடும். அவன் அதன்மேல் ஒரு காந்தத்தை ஒட்டிவிட்டான். இப்போது கதவை அகலத் திறந்து வைத்தாலும் ரம்பம் ஓடும். சிக்கிய பலகையைக் கையை விட்டே எடுக்கிறான்.

"கை போயிடும்டா."

"நீதானே சமாளிக்கச் சொன்னே? சமாளிக்கிறேன்."

சவுனாவில் பேசியது சவுனாவோடு. எங்கள் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். ஆனால் கை? படுத்தால் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கதவு திறந்து கிடக்கிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

மாடிக்குப் போய்ச் சொன்னேன். சென்சாரைப் பற்றி மட்டும் சொல்வதென்றுதான் படியேறினேன். ஹென்ரீக்கா அதட்டவில்லை, மிரட்டவில்லை. "காந்தத்தை யார் வச்சது?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான். அவள் சும்மா இருந்தாள், எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை.

ஏசாவின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

மெக்கானிக் காலையிலேயே வந்து சென்சாரை மாற்றிவிட்டான், காபி ஆறுவதற்குள். இத்தனை நாளாய் முடியாதது! ஏசாவுக்கு மாடியிலிருந்து எச்சரிக்கை. இன்னொரு முறை என்றால் வேலை போகும்.

இடைவேளையில் என் மேசையில் யாரும் உட்காரவில்லை. ஏசா மட்டும் போகிற போக்கில், "சவுனாவில சொன்னது" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

அவன் கை தப்பியது, நல்லதுதான். ஆனால் நாளைக்கு வேறொரு கதவு கெட்டால் என்னிடம் யார் வந்து சொல்வார்கள்?

அக்டோபர் 2, வியாழன்

சவுனாவுக்குப் போனேன். ஆளும் இல்லை, அனலும் இல்லை. கல்லைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

நாளை மூஸ் மான் வேட்டை தொடக்கம். எங்கள் வேட்டைச் சங்கத்தின் தலைவன் ஏசா. காட்டில் அவன் சொன்னால் சொன்னதுதான், டாக்டர் ஆனாலும் போலீஸ் ஆனாலும். காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று பைவியிடம் கேட்டேன். "மில்லுல அவனுக்கு நீ செஞ்சதை, காட்டுல அவன் உனக்குச் செய்வான்னு பயமா?" என்றாள். இந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது.

அக்டோபர் 11, சனி

வெறும் சதுப்பில் நிறுத்துவான் என்று நினைத்தேன். இருப்பதிலேயே நல்ல இடத்தைக் கொடுத்தான், இரண்டு மேட்டுக்கு நடுவே மான் தவறாமல் வரும் வழி. அது இன்னும் உறுத்தியது. "நான் ரேடியோவில சொல்ற வரைக்கும் யாரும் ஒரு அடி நகரக்கூடாது" என்றான், எல்லாருக்கும் பொதுவாக.

மானை விரட்டும் நாயின் குரைப்பு நெருங்கி வந்தது. அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. ஹென்ரீக்கா. சனிக்கிழமை ஓவர்டைம் லைனில் ஏதோ தகராறு. எடுத்தேன். எடுத்ததே தப்பு. சிக்னல் விட்டு விட்டு வந்தது. "ஹலோ, கேக்குதா" என்றபடி மேட்டில் ஏறினேன். கால் தானாகவே ஏறியது.

மான் என் இடத்தின் வழியாகவே போனது. அடுத்த இடத்தில் நின்ற கிழவர் தாவுனோ குறி வைத்துவிட்டுத் துப்பாக்கியை இறக்கிவிட்டாராம்.

"மானுக்குப் பின்னாடி நம்ம ஆளுங்க போடற ஆரஞ்சுத் தொப்பி தெரிஞ்சுது" என்றார். "மான் தொப்பி போடாதேன்னு ஒரு சந்தேகம்."

அவருக்கு அந்தச் சந்தேகம் வந்திராவிட்டால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

ஏசா நேராக என்னிடம் வந்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் நகர்ந்தே?"

"போன் வந்துது."

"யாரு?"

"ஹென்ரீக்கா."

"இங்கே அவ யாரு?"

போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

"குண்டை வெளியே எடு. இன்னிக்கு வீட்டுக்குப் போ. அடுத்த வாரம் வா."

யாரும் சிரிக்கவில்லை. குண்டை எடுத்தேன்.

காரில் உட்கார்ந்து யோசித்தேன். அவமானம்தான். ஆனால் எனக்குத் தண்டனை கொடுத்தவன் என் முகத்தைப் பார்த்துக் கொடுத்தான். அவனுக்கு நான் வாங்கிக் கொடுத்தது மாடிப்படி இறங்கி வந்தது. நம்பரை ஏற்றச் சொன்னவள் பெயர் அதில் இல்லை, சமாளிக்கச் சொன்னவன் பெயரும் இல்லை. படியின் அடியில் நின்றவன் பெயர் மட்டும் இருந்தது.

அக்டோபர் 13, திங்கள்

மாடிக்குப் போனேன். "கதவு கெட்டிருக்கான்னு பார்க்காம சமாளிக்கச் சொன்னது நான். அந்த எச்சரிக்கையில ஏசா பேரை எடுத்துட்டு என் பேரைப் போடு" என்றேன். எடுக்க முடியாது என்றாள். "உன் பேரையும் வேணா சேர்த்துக்கலாம்." சேர்த்துக்கொள் என்றேன். உன்னை விரட்டுவது யார் என்றும் கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். தலைமை அலுவலகத்துக்குத் தினமும் நம்பர் அனுப்ப வேண்டுமாம், பாவம். அவளும் எங்கோ போய் ஒற்றை விரலால் தட்டுகிறவள்தான்.

ஆக, எனக்கும் ஒரு எச்சரிக்கை. வெள்ளை ஹெல்மெட்டில் முதல் சம்பாத்தியம். நடந்ததைக் கீழே வந்து ஏசாவிடம் சொன்னேன், எல்லாரும் காபி குடிக்கும் மேசையிலேயே. அவன் ஏலக்காய் பன்னை மென்று முடித்தான். "சரி" என்றான். எந்தச் 'சரி' என்று தெரியவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நேற்று காட்டில் நின்றேன். நகரவில்லை. மானும் வரவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

காலையில் ஏசா கதவைத் தட்டாமல் என் அறைக்குள் வந்தான்.

"அடுக்குற மெஷின்ல சங்கிலி தேஞ்சு தொங்குது. யார் மேலயாவது விழும். லைனை நிறுத்திட்டேன்."

எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"நல்லது. உக்காரு, காபி இருக்கு."

"மேலே கேப்பாங்களே?"

"கேப்பாங்க."

"என்ன சொல்லுவே?"

"சங்கிலி தேஞ்சிருக்குன்னு."

"நிறுத்தினது யாருன்னு கேட்டா?"

"சங்கிலிதான்னு சொல்றேன்."

 ஏசா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மேசைமேல் போன் அதிர்ந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். அவனுக்குக் காபியை ஊற்றி முடித்துவிட்டு எடுத்தேன்.