நாகரத்தினம் கைநோவு

என் உயிருக்கு உயிரான நாகு,

நீ போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆரம்பாக்கம் வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. "உனுக்கு என்னிக்கி ஏமே தூக்கம் இருந்துச்சு?" என்று, 'அடியே' என்பதற்கு உன் தெலுங்கு 'ஏமே'யைப் போட்டுக் கேட்பாய். வலியால் வராத தூக்கத்துக்கு நான் பழகியவள்தான். இது வேறு.

அன்றைக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பந்தி நடந்துகொண்டிருந்தது. உன் பேத்தி கீதா சாம்பார் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்தவள், பாதி வழியில் கீழே வைத்துவிட்டாள். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்கிற பெண். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாடி ஆச்சு?" என்றாள் உன் மகள் சரளா.

"நோவுதும்மா."

"எங்க நோவுது?"

"கை, முதுகு, காலு... எல்லாமேதான் நோவுது."

"எல்லாமேவா!" சரளா பந்தியைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாடி இது, நாகரத்தினம் கைநோவா?"

வீடே சிரித்தது. எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து சரளா என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியாததா டீச்சரம்மா? எங்க அம்மா போர்டுல எழுத பேஜாரு பட்டுக்கினு கை நோவுன்னு சொல்லி, டாக்டருங்களாண்ட மாட்டிக்கினாங்களே. அதுலேர்ந்து எங்க ஊட்ல யாரு சாக்கு சொன்னாலும் அதுக்கு அதான் பேரு."

கீதா மட்டும் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு குண்டானை மறுபடி தூக்கினாள்.

நானும் சிரித்தேன், நாகு. உன் படத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்காக மட்டும் இந்தக் கடிதம் இல்லை. அதற்குப் பின்னால் ஐம்பது வருஷத்துக்கு மேலான ஒன்று இருக்கிறது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம் இருவரும் ஒரு நாள்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை. நீ ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேனே.

அறுபத்தொன்பது, எழுபது வாக்கில் இருக்கும். சின்னவன் பிறந்து, ஒரு விஷக்காய்ச்சல் வந்து போனபின் என் உடம்பு என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. காலையில் எழுந்தால் தண்ணீரில் ஊறிய சாக்குப்போல் கனக்கும். வளையல் உரசினால்கூட வலிக்கும். ஆட்டுக்கல்லில் ஒரு படி மாவு அரைத்தால் அடுத்த இரண்டு நாள் தலை வாரக் கை எழாது. நடுவகுப்பில் ஒரு பிள்ளையின் பெயரை மறந்துவிட்டு, "நீ... நீதான்டா" என்று நின்றிருக்கிறேன்.

பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் போனேன். "ஒரு விரல வச்சிக் காட்டும்மா, எங்க நோவுது?" என்றார். நான் விரலை எடுத்தேன். எங்கே வைப்பது? தோளில் வைத்தால் இடுப்பு இரையும், இடுப்பில் வைத்தால் முட்டி இரையும். வகுப்பில் ஒரு பிள்ளை பேசினால் பெயர் சொல்லி அதட்டலாம். நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து கத்தினால் யாரைக் காட்டுவது? விரல் காற்றிலேயே நின்றது. டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்து, "ஒண்ணுமில்ல, மனசத் தைரியமா வச்சுக்கோ" என்றார்.

வீட்டில் என் அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவள். "சேத்துல குனிஞ்சி முதுகு ஒடிஞ்சவ நானு, எனுக்கே நோவுன்னு படுக்கல. நாக்காலில குந்திக்கினு சம்பளம் வாங்கறவளுக்கு இன்னாடி நோவு?" அவளைக் குறை சொல்ல முடியுமா? எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். என் வீட்டுக்காரருக்கு அரிசி மில்லில் வருஷத்தில் பாதி நாள்தான் வேலை. ஆறு பேர் என் சம்பளத்தில் சாப்பிட்டார்கள். கை தூக்க முடியாத டீச்சர் என்று யாராவது மேலே எழுதிப் போட்டால் மெடிக்கல் போர்டு, அதன் பின் வீடு. அந்தப் பயம் வலியைவிடப் பெரியதாக இருந்தது.

நம்பியவள் நீ ஒருத்திதான். நான் கரி ரயிலில் வந்து ஆரம்பாக்கத்தில் இறங்கி, ஒரு மைல் நடந்து பள்ளிக்கூடத்துக்குள் நுழைவேன். நீ என் நடையைப் பார்ப்பாய். ஒன்றும் கேட்காமல் என் தோளிலிருந்து பையை எடுத்துக்கொள்வாய். பிரேயர் மணிக்குள் உன் நாலாம் வகுப்புப் போர்டையும் எழுதி, என் மூன்றாம் வகுப்புப் போர்டையும் எழுதிவிடுவாய். நான் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் பாடம் நடத்துவேன். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. ஏறக்குறைய இரண்டு வருஷம்.

உன் எழுத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. உன் நைனா உனக்கு முதலில் தெலுங்கு எழுத்தைத்தான் கற்றுக்கொடுத்தார். தெலுங்கில் எழுத்துக்குத் தலையில் ஒரு சின்னக் கொக்கி உண்டு அல்லவா, தலைக்கட்டு என்பாயே, அதை நீ தமிழுக்கும் போட்டுவிடுவாய். க, ப, ம எல்லாம் தலையில் கொக்கியோடு நிற்கும். "தமிழ் எழுத்துக்கு ஏன்டி கொண்டை போடுற?" என்று நான் கேலி செய்தால், "மொட்டத் தலையா இருந்தா நல்லாவா கீது?" என்பாய்.

அந்தக் கொண்டைதான் நம்மைக் காட்டிக்கொடுத்தது. போர்டில் என்ன இருக்கிறதோ அதைத்தானே பிள்ளைகள் பார்த்து எழுதும்?

இன்ஸ்பெக்டர் வந்த அன்று எனக்கு மோசமான நாள். காலையில் ரயில் கைப்பிடியைப் பிடித்து ஏறவே முடியவில்லை. அவர் தெற்கத்திக்காரர், தெலுங்கு எழுத்து தெரியாதவர். ஹெட்மாஸ்டரோ நம் பள்ளிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இன்ஸ்பெக்டர் என் வகுப்புப் பிள்ளைகளின் சிலேட்டுகளை வாங்கிப் பார்த்தார். பிறகு போர்டைப் பார்த்தார். பக்கத்து வகுப்புக்குப் போனார். தட்டிக்கு அந்தப் பக்கம் அவருடைய செருப்புச் சத்தம் நின்றது. திரும்பி வந்தபோது உன்னையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ரெண்டு போர்டும் ஒரே கையெழுத்தால்ல இருக்கு" என்றார் ஹெட்மாஸ்டரிடம். "இந்த ரெண்டு டீச்சர்ல ஒருத்தர் எழுதறதே இல்ல. யாரு?"

ஹெட்மாஸ்டர் விழித்தார். இன்ஸ்பெக்டர் சாக்பீஸை என் பக்கம் நீட்டினார். "எழுதுங்கம்மா. பாடத் தலைப்ப மட்டும் எழுதுங்க."

இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன். பிடரியிலிருந்து விரல் நுனிவரை நெருப்பு ஓடியது. 'மரமும் பயனும்' என்று எழுதினேன்.

கொக்கி போட்டு எழுதினேன், நாகு. ஒவ்வொரு எழுத்துக்கும்.

இரண்டு வருஷம் உன் எழுத்தையே பார்த்துப் பார்த்துக் கை தானாகப் போட்டுவிட்டது என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. கொக்கி போட்டால் இந்தப் போர்டு என்னுடையதாகிவிடும். அப்படியானால் எழுதாதவள் நீ ஆகிவிடுவாய். தெரிந்தேதான் போட்டேன். ஆறு பேரின் சோற்றுத் தட்டு என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் உன்னிடம் சாக்பீஸைக் கொடுத்தார். நீ போர்டுக்கு முன்னால் போய் நின்றாய். நான் எழுதியதைப் பார்த்தாய். எவ்வளவு நேரம் பார்த்தாய்? எனக்கு அது ஒரு பீரியட் அளவு நீண்டது. நீ ஒரு எழுத்து எழுதியிருந்தால் போதும், உண்மை வெளியே வந்திருக்கும். நீ கையைப் பாதிவரை தூக்கினாய். பிறகு தொப்பென்று கீழே போட்டாய்.

"வரல சார். கை நோவுது. எஸ்தர் டீச்சர்தான் பாவம் எனுக்கும் சேத்து எழுதறாங்க."

"எங்க நோவுது?"

நீ ஒரு விரலை எடுத்து வலது தோளில் வைத்தாய். "இங்க சார்."

அவர் உடனே நம்பினார்! "அடடா, மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா" என்று உருகிப்போனார். என் நிஜ வலிக்கு விரல் வைக்க இடம் கிடைக்கவில்லை. உன் பொய் வலிக்கு ஒரே விரல் போதுமாக இருந்தது.

இரக்கப்பட்டுத்தான் உன்னை மெடிக்கல் போர்டுக்கு எழுதினார். மெட்ராஸ் போய்விட்டு வந்து நீ சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. "கையத் தூக்குங்கன்னாரு ஏமே. டக்குனு தூக்கிட்டேன். நோவுதுன்னு சொன்னதயே மறந்துட்டேன்!"

நோய் இருப்பதாகப் பாசாங்கு செய்தவள் என்று எழுதினார்கள். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம், படகில் போக வேண்டிய குப்பத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். கைக்குழந்தையாக இருந்த சரளாவைத் தூக்கிக்கொண்டு போனாய். வழியனுப்ப நான் வந்தேன். நீயோ, "தெனமும் படவுல போப்போறேன், டப்பு குடுத்தாலும் கெடைக்குமா?" என்று சிரித்தாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "போர்டப் பசங்களாண்ட குடுத்துடு. முற வச்சி எழுதச் சொல்லு. நீ குந்திக்கினே நடத்து" என்றாய்.

அப்படியே செய்தேன். தினம் ஒரு பிள்ளை போர்டில் எழுதும், மற்றவர்கள் பிழை திருத்துவார்கள். சில வருஷம் கழித்து வந்த வேறொரு இன்ஸ்பெக்டர் அதைப் புது முறை என்று பாராட்டி எழுதிவிட்டுப் போனார். உன்னை ஏரிக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு நான் பாராட்டு வாங்கினேன். ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து, திருவள்ளூரில் அந்த டாக்டர் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து உனக்குப் போன் செய்தது நினைவிருக்கிறதா? அவள் ஒரு விரலால் காட்டச் சொல்லவில்லை. மனித உருவம் வரைந்த காகிதத்தைக் கொடுத்து, "எங்கெங்க வலிக்குதோ அங்கெல்லாம் பென்சிலால தீட்டுங்க" என்றாள். மேப்பில் நெல் விளையும் இடங்களைத் தீட்டுவதுபோல் தீட்டினேன். தீட்டாத இடம் கொஞ்சம்தான் மிஞ்சியது. "இதுக்குப் பேர் ஃபைப்ரோமயால்ஜியா, டீச்சர். ரத்தப் பரிசோதனையில தெரியாது. ஆனா வலி நிஜம்" என்றாள். அந்தக் கடைசி மூன்று சொல்லுக்காக நாற்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன். உன்னிடம் சொன்னபோது, "பேரு வச்சிட்டாங்களா? அப்ப தொட்டிலக் கட்டு" என்றாய்.

வலி போய்விடவில்லை. வெந்நீர், சின்ன நடை, ஒரு வேலையை மூன்று தவணையாகச் செய்வது, நல்ல நாளில் ஆசைப்பட்டு வீடு முழுக்கக் கழுவாமல் இருப்பது, இப்படித்தான் ஓடுகிறது. இதையெல்லாம் கீதாவுக்கு யார் சொல்வார்கள்? அவளுக்கு என்ன நோய் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அவள் குண்டானைக் கீழே வைத்த விதம் எனக்குத் தெரியும். அவள் வாயைத் திறந்தால் உன் பெயரைச் சொல்லியே அடைக்கிறார்கள். எனக்காக நீ சொன்ன ஒரு பொய், உன் பேத்தியின் உண்மைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது.

அதனால் முடிவு செய்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கம் வருகிறேன். ஸ்டேஷன் மேம்பாலப் படியில் நாலு படிக்கு ஒரு முறை நின்று நின்று ஏறிக்கொள்வேன். இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் அச்சாக அனுப்பும் முன் சரளாவுக்கும் கீதாவுக்கும் படித்துக் காட்டுவேன். எனக்குப் பயமாக இருக்கிறது, நாகு. உன் வீட்டில் நான் நுழைந்தால் முதலில் நாற்காலியைத்தான் கொண்டுவந்து போடுவார்கள். படித்து முடித்த பிறகு அந்த நாற்காலி எனக்கு இருக்குமா? சரளா என்னை வெளியே போகச் சொன்னால், போவதற்கு முன் அந்தத் திருவள்ளூர் டாக்டரின் விலாசச் சீட்டைக் கீதாவின் கையில் வைத்துவிட்டுப் போவேன். அவள் வரச் சம்மதித்தால் நானே கூட்டிப் போவேன்.

நீ பொய் சொல்லவில்லை என்று நான் வாதாடப் போவதில்லை. சொன்னாய். யாருக்காகச் சொன்னாய் என்பதை உன் வீட்டில் சொல்லிவிட்டு வருவேன். இது சத்தியம்.

அச்சில் தெரியாது. கையால் எழுதிய இந்தத் தாளில் என் பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கும் தலையில் கொண்டை போட்டிருக்கிறேன். இந்த முறை உன்னிடம் கேட்டுவிட்டு.

உன் கையெழுத்தைத் திருடிய, கூடப் பிறக்காத தங்கை
எஸ்தர்