மலைப்பக்கக் கோல்

மார்ச் 2, ஞாயிறு

ஷிரோக்கோ, தெற்கே கடல் தாண்டிய பாலைவனத்துக் காற்று. காலையிலேயே வெக்கை. கார்க் கண்ணாடிகளில் எல்லாம் சிவப்புத் தூசி. பதினொரு மணிக்கு ஆட்டம். தோல்வி, 0–1. வேறென்ன.

முன்வரிசையைப் பற்றி இன்று எழுதுவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். முடியவில்லை. பின்னாலிருந்து பந்து ஒழுங்காக வருகிறது. நடுவில் மாற்றி மாற்றி அழகாகக் கொடுக்கிறார்கள். கோலுக்குக் கிட்டப் போனதும் எல்லோருக்கும் கால் மறந்துபோகிறது. பக்கத்துக்குக் கொடு, பின்னுக்குக் கொடு, திரும்பப் பக்கத்துக்குக் கொடு. பல்கலைக்கழகப் பிள்ளைகள்! பல்லுப் பிடுங்கப் படிக்கிறவள் ஒருத்தி, பாலம் கட்டப் படிக்கிறவள் ஒருத்தி. ஒரு பந்தை வலைக்குள் தள்ளத் தெரியவில்லை. நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு சொந்த மைதானத்தில் ஒரு கோல்கூட இல்லை. வெளியூரில் அடிக்கிறார்கள். இங்கே இல்லை.

பாலம் கட்டப் படிக்கிறவள் என் மகள். அனுஷா. முன்வரிசை, நடு.

பக்கத்து இருக்கையில் வழக்கம்போல நீனோ. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். சொந்தப் பிள்ளை யாரும் அணியில் இல்லை, ஆனாலும் ஓர் ஆட்டமும் தவறவிடமாட்டார். சேவியர் என்ற என் பெயரை அவர் சவேரியோ ஆக்கிப் பல வருடம்.

"சவேரியோ, இதுகள் கோலைக் கண்டா அடிக்கிறேல்லை. கும்பிடுதுகள்."

முதல் பாதி கடற்பக்கக் கோல். வழக்கமான சொதப்பல். இரண்டாம் பாதி மலைப்பக்கம். அங்கே நடந்ததைத்தான் எழுத வேண்டும். அனு தனியாகப் போனாள். பின்னால் ஒருவரும் இல்லை, முன்னால் கோல்காப்பாளர் மட்டும், அதுவும் விழுந்து எழும்பிக்கொண்டிருந்த பிள்ளை. நான் எழுந்து நின்று "அடி! அடி!" என்று கத்தினேன். அவள் பந்தைக் காலடியில் நிறுத்தினாள். தலையைத் தூக்கிக் கோலுக்குப் பின்னாலிருக்கிற பழைய சுவரைப் பார்த்தாள். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்ப்போமே, அப்படி. எதிரணிக்காரர் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டில், சோறு போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஏன் பிள்ளை நிண்டனீ?"

"ஆரோ கூப்பிட்ட மாதிரிக் கிடந்தது."

"ஆர்?"

"நீங்கள்தான்."

"நான் இஞ்சாலைப் பக்கம் எல்லோ இருந்தனான். நீ மலைப்பக்கம் பாத்தனீ."

"ஓம் அப்பா. அங்கையிருந்துதான் கேட்டது."

என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று கேட்டேன். "விடுங்கோ" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டாள். மீன் பாதி அப்படியே.

மார்ச் 3, திங்கள்

வேலை. நான் பராமரிக்கிற கொண்டொமீனியோ அடுக்குமாடியின் படிகள் முழுக்கத் தூசி, இரண்டு தரம் கழுவினேன். வாங்க வேண்டியவை: பிளீச், மூன்றாம் மாடிக்கு பல்ப், மனைவி றீற்றாவுக்கு முழங்கால் களிம்பு.

படியில் நிற்கும்போது றீற்றாவின் போன். குரலில் சிரிப்பு. "இஞ்சேருங்கோ, பிள்ளைக்குத் தொரினோவிலை வேலை சரிவந்திட்டுதாம்! மே மாசம் தொடங்கவாம்."

நேர்முகத்துக்குப் போனது தெரியும். கிடைக்கும் என்றும் தெரியும். கெட்டிக்காரி. வடக்கில் பனி, நல்ல சம்பளம், பெரிய கம்பனி. வரும் வழியில் கன்னோலி இனிப்பு ஒரு பெட்டி வாங்கினேன். "நல்லது பிள்ளை, நல்லது" என்றேன். சரியானதெல்லாம் சொன்னேன். மூவரும் சாப்பிட்டோம். எனக்குத் தித்திப்புக் கூடிப்போயிற்று.

மார்ச் 5, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போனேன். இரண்டாம் மாடி வீட்டுக்கார அம்மா தன் கைலேஞ்சியை நீட்டி, துடை என்றார். பிறகு நினைவு வந்து தானே சிரித்தார்.

கபோ சந்தையில் நீனோவைக் கண்டேன், கூனைப்பூ பேரம் பேசிக்கொண்டிருந்தார். கோப்பி குடித்தோம். மகள் சொன்னதைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உன்ரை மகள் மட்டுமில்லை, சவேரியோ. முன்வரிசை ஜூலியாவும் அப்பிடித்தான் நிண்டவள். போன மாசம் அந்தக் கட்டைப் பிள்ளையும். எல்லாம் அதே கோல்."

"மற்ற அணிக்காரருக்கு?"

"அவையளுக்கு ஒண்டுமில்லை. வந்து அடிச்சுப்போட்டுப் போகினம்."

பிறகு அவரே ஒரு விளக்கமும் சொன்னார். மலை கிட்ட, சுவர் உயரம். நாங்கள் கத்துவது சுவரில் பட்டுத் திரும்புகிறது. பிள்ளைகளுக்கு அது பின்னாலிருந்து கூப்பிடுகிற மாதிரி. எதிரணிக்குக் கத்த இங்கே ஆள் இல்லை.

சரியாகத்தான் பட்டது. மனது கொஞ்சம் இலேசாயிற்று. அப்படியானால் பிழை எங்களிலா? எத்தனை ஞாயிறு கத்தியிருக்கிறோம்!

மார்ச் 6, வியாழன்

தூறல். வேலை முடிந்து நேரே மைதானத்துக்கு. படலை திறந்துகிடந்தது. ஆள் இல்லை. கோலின் கீழே ஒரு பூனை, நனையாமல் இருக்க இடம் தேடி.

எங்கள் இருக்கையில் நின்று "அடி!" என்று கத்தினேன். சுவர் "அடி" என்றது. என் குரல்தான், கொஞ்சம் தடித்து. "அனு!" என்றேன். "அனு" என்றது. நீனோ சொன்னது சரி. சிரிப்பு வந்தது. வயது போன மனிதன் மழையில் நின்று சுவரோடு கதைக்கிறான்.

திரும்பிப் படலைக்கு வந்துவிட்டேன். சங்கிலியை இழுக்கும்போது பின்னாலிருந்து இன்னொரு தரம், "அனு."

நான் கூப்பிடவில்லை.

பூனை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. முன்பு கூப்பிட்டதுதான் பிந்தி வந்திருக்கும். காற்று.

மார்ச் 9, ஞாயிறு

வெயில். வெளியூர் ஆட்டம், திராப்பானிப் பக்கம். வெற்றி! 2–1!

இரண்டாவது கோல் அனு. இடது காலால், யோசிக்காமல், பார்க்காமல். முன்வரிசை என்றால் இது. கொடுத்தார்கள், ஓடினார்கள், அடித்தார்கள். இதே கால்கள்தான், இதே பிள்ளைகள்தான். நீனோ என்னைக் கட்டிப்பிடித்ததில் என் கண்ணாடி கீழே விழுந்தது, உடையவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது பயிற்றுநர் எழுந்து நின்று பேசினார். எல்லோரும் அவரை மிஸ்டர் என்றே கூப்பிடுகிறார்கள். அடுத்த ஞாயிறு சொந்த மைதானம். தோற்றால் கடைசி இடம். கடைசி இடம் என்றால் பல்கலைக்கழகம் பெண்கள் அணியை நிறுத்திவிடுமாம், முடிவு ஏற்கெனவே மேசையில் இருக்கிறதாம். சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. ஜூலியா யன்னலோடு தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அனு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அப்பா, அண்டைக்குக் கேட்டனீங்கள் எல்லோ, என்ன சொல்லிக் கூப்பிட்டது எண்டு."

"ஓம்."

"போகாதை எண்டு."

பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல இருந்தேன். அவள் திரும்பச் சொல்லவில்லை. கடல் வந்தது, போனது. என் தோளில் நித்திரையாகிவிட்டாள்.

நான் ஒருநாளும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. கத்தியதெல்லாம் அடி, ஓடு, முன்னுக்குப் போ. சுவர் எதைத் திருப்பித் தருகிறது?

மார்ச் 12, புதன்

மழை. லிப்ட் பழுது. ஐந்தாம் மாடிக்காரரின் தண்ணீர்ப் பெட்டிகளை நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.

றீற்றா தொரினோவுக்கென்று கம்பளி உடுப்புகள் பார்க்கத் தொடங்கிவிட்டாள். கட்டிலெல்லாம் உடுப்பு. "உங்களுக்குச் சந்தோசமில்லையோ?" என்று கேட்டாள். "ஏன் இல்லை?" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு ஒரு சுவெட்டரை மடிக்கத் தொடங்கினாள்.

நீனோ போனில்: ஞாயிறு யாரும் வாய் திறக்கக் கூடாது. எல்லாப் பெற்றோருக்கும் சொல்லிவிட்டாராம். கத்தினால்தானே எதிரொலி?

மார்ச் 15, சனி

பிற்பகல் ஸ்ஃபெர்ராகவால்லோ மீனவர் கரையில். ஜூலியாவின் தகப்பன் பேப்பே அங்கே மீன் உணவகம் நடத்துகிறார், அணி முழுவதையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். பெற்றோரும் போனோம். வெளியே படகுகள், வலை காயும் மணம், பிள்ளைகள் ஒரு நீள மேசையில். ஒருத்தியும் நாளைய ஆட்டத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

பேப்பே என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போனார். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உம்மடை மகளுக்கும் கேட்டதாமே."

"சுவரிலை பட்டுத் திரும்புற சத்தம்" என்றேன். நீனோவின் விளக்கம் முழுவதையும் சொன்னேன்.

இல்லையென்று தலையை ஆட்டினார். "ஜூலியாவுக்குக் கேட்டது என்ரை குரல். வீட்டை வா எண்டு. நான் ஞாயிறு மத்தியானம் எப்பிடி மைதானத்துக்கு வாறது? இஞ்சை அடுப்பிலை நிண்டனான். மண்டபம் முட்ட ஆக்கள்."

"அப்ப வேறை ஆரோ."

"இல்லை. நான்தான்." குரலைத் தாழ்த்தினார். "அந்த நேரம் அதைத்தான் நினைச்சுக்கொண்டு நிண்டனான். பிள்ளை படிப்பை விட்டிட்டு இஞ்சை வந்து என்னோடை நிண்டால் எவ்வளவு நல்லம் எண்டு. வாய் திறக்கேல்லை, மாதாவாணை. ஒருநாளும் திறந்ததில்லை."

எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது. மீன் நல்ல ருசி என்று சொன்னேன். அவர் நன்றி சொன்னார். வெளியே வந்துவிட்டேன்.

வாயை மூடலாம். மற்றதை எதால் மூடுவது? நாளை மனதுக்குள் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பதாக முடிவு. இடைவெளி விடாமல்.

மார்ச் 16, ஞாயிறு

மழை விட்டுவிட்டது. காற்றே இல்லை. மலை வெகு கிட்ட வந்துவிட்ட மாதிரி.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பேப்பே கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். நீனோ கழுத்துத் துணியை வாயைச் சுற்றிக் கட்டியிருந்தார். ஒருவரும் கத்தவில்லை. உதைபந்தாட்டத்தை இப்படி நான் கேட்டதே இல்லை. பந்து காலில் படுகிற சத்தம், பிள்ளைகளின் மூச்சு, சேற்றில் சப்பாத்து. எதிரணிப் பிள்ளைகள் எங்களை அடிக்கடி திரும்பிப் பார்த்தார்கள், பயந்த மாதிரி. மத்தியஸ்தரும் பார்த்தார்.

முதல் பாதி 0–0. வழக்கமான குழப்பம், ஒரு கோர்னரைக்கூட உயர்த்திப் போடத் தெரியாமல். மனதுக்குள் திட்டவும் பயந்தேன். அருள் நிறைந்த மரியே.

இரண்டாம் பாதி. ஜூலியா முதலில் போனாள். கோலுக்கு முன்னால் நின்றாள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பேப்பே மட்டும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பந்து போயிற்று.

பிறகு, முடிகிற நேரத்தில், அனு. இரண்டு பேரை வெட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் செபத்தின் நடுவில் நின்றுவிட்டேன். அடுத்த சொல் வரவில்லை. மனதில் வந்தது தொரினோ. பனியில் ஒரு அறை, பூட்டிய கதவு, உள்ளே இவள் தனியே சாப்பிடுகிறாள்.

சுவர்ப் பக்கமிருந்து, எல்லோருக்கும் கேட்க:

"அனு, போகாதை பிள்ளை."

என் குரல். தமிழில். எங்கள் ஊர் மன்னார்ப் பேச்சில்.

வரிசை முழுவதும் என் பக்கம் திரும்பியது. நீனோவின் கண் என் வாயில். என் உதடுகள் இறுகிக் கிடந்தன, பல் உள்ளே கடித்துக்கொண்டிருந்தது. அனு நின்றாள். காலடியில் பந்து. ஆனால் இந்தத் தரம் அவள் சுவரைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பி என்னைத்தான் பார்த்தாள்.

திரும்பவும், கெஞ்சுகிற மாதிரி: "போகாதை."

நான் எழுந்தேன். கையைத் தூக்கினேன். முன்னுக்கு, முன்னுக்கு என்று தள்ளிக் காட்டினேன். போ. போ. தள்ளிக்கொண்டே இருந்தேன்.

அவள் திரும்பினாள். அடித்தாள்.

வலை அசைந்த பிறகும் ஒருவரும் கத்தவில்லை. கத்தலாமா என்று தெரியாமல் இருந்தார்கள். பிள்ளைகள்தான் முதலில் கத்தினார்கள், ஓடிப்போய் அவள்மேல் விழுந்தார்கள். நீனோ துணிக்குள்ளேயே அழுதார். 1–0. அணி தப்பிவிட்டது.

வெளியே போகும்போது ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பேப்பே மட்டும் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்குத் தமிழ்ப் பூசை. பாட்டுக்கு வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. தொண்டை முழுக்கப் புண், பச்சையாக, மணிக்கணக்காகக் கத்தினவன் மாதிரி. றீற்றா முழங்கையால் இடித்தாள். "கத்தமாட்டன் எண்டெல்லோ சொல்லிப்போட்டுப் போனீங்கள்?"

மார்ச் 17, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. குரல் அடியோடு இல்லை. டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, நேற்று நல்ல ஆட்டமோ என்று கேட்டார்.

மத்தியானம் அனு வந்து மல்லித் தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கட்டில் விளிம்பில் இருந்தாள்.

"அப்பா, நீங்கள் வாய் திறக்கேல்லை. நான் பாத்தனான்."

தலையாட்டினேன்.

"ஆனா அது நீங்கள்தான்."

அதற்கும் தலையாட்டினேன்.

அவள் என் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாக மடித்தாள், சின்னப் பிள்ளையாய் இருந்தபோது செய்த மாதிரி.

"நான் தொரினோவுக்கு விமானத்திலை போகேல்லை. ஜெனோவாக் கப்பலிலை போறன். உடுப்புப் பெட்டியள் கூட. நீங்கள் துறைமுகம் மட்டும் வரலாம்." நிறுத்திவிட்டு, "டிக்கெட் போடட்டோ?"

சொல்ல ஒன்று தொண்டை வரைக்கும் வந்தது. வாய் திறந்தேன். காற்று மட்டும்.

அவள் காத்துக்கொண்டிருந்தாள். ஓம் என்று தலையாட்டினேன்.