குடுமிக்குள் மறைந்த முளை

பேத்தி பனை விதை வாங்கி வந்திருக்கிறாள். வாசலில் அழகுக்கு வைக்கிற ஏதோ ஒரு பனையாம், தண்டு சிவப்பாக இருக்குமாம். ஈரத் தேங்காய் நாரோடு விதைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, ஐஸ் பெட்டியின் தலைமேல் வைத்திருக்கிறாள். "அங்கதான் பாட்டி சூடா இருக்கும், சீக்கிரம் முளைக்கும் லா" என்றாள். நேற்றுக் காலையில் முளை வந்துவிட்டதா என்று பையை அவிழ்த்தாள். ஈர நாரின் அந்தப் புளித்த வாசனை இந்த லோபாக் டவுன் வீட்டுச் சமையலறை முழுக்கப் பரவியது. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"என்ன பாட்டி, நாறுதா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நாற்றமில்லை. அது உங்கள் அடுப்படி வாசனை.

பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில், உங்கள் கதவும் என் கதவும் அடுத்தடுத்து இருந்தன. ஆனால் எங்கள் ஆட்கள் உங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கப்பலேறும்போது பண்டபாத்திரத்தை விட்டுவிட்டு வந்தவர்கள்கூட அந்தச் சாதிச் சட்டத்தை விட்டுவிட்டு வரவில்லை. போதாக்குறைக்கு நான் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அந்த லயத்துப் பெண்களில் அவ்வளவு படித்தவள் வேறு யாருமில்லை. நீங்கள் என்னைவிட நிறைய மூத்தவர், புருஷனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்தவர். உங்களை நான் "ஏய்" என்றுதான் கூப்பிட்டேன். நீங்கள் என்னைத் "தாயி" என்றீர்கள்.

ஜப்பான்காரன் ஆண்ட காலம் அது. பால்மரம் சீவுவது நின்றுபோய், காலி இடமெல்லாம் மரவள்ளி நடச் சொன்னார்கள். சயாம் ரயில் பாதை வேலைக்கென்று ஒரு காலையில் லாரி வந்தது. கங்காணி வேலை பார்த்த மண்டோர் கைகாட்டிய ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரரும் ஏறினார். எனக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. அவர் போன பிறகு வாயில் எதுவும் இறங்கவில்லை. கிடைத்த கிழங்கையும் பாதி நாள் அவிக்காமலே போட்டுவைத்தேன். யாராவது கொடுத்தாலும் வாங்கவில்லை. இவளும் கையேந்திவிட்டாள் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே. உங்கள் வீட்டிலிருந்து ஒரு நாள் அவித்த கிழங்கு வந்தது. நான் சட்டியைத் தொடவில்லை. "எடுத்துக்கிட்டுப் போ" என்றேன்.

"எந்த வீட்டுச் சட்டியில வெந்தோம்னு கிழங்குக்குத் தெரியவா போவுது, தாயி?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துப் போனீர்கள்.

அதற்குக் கொஞ்ச காலம் கழித்துத்தான் கோயிலில் எனக்காகத் தேங்காய் உடைய ஆரம்பித்தது. கோயில் என்ன கோயில், மரத்தடியில் ஒரு மாரியம்மன், மேலே தகரம். வெள்ளிக்கிழமையானால் பூசாரித் தாத்தா ஆள் விட்டனுப்புவார். "உன் புருஷன் பேருக்கு உடைக்கிறேன், நின்னு கும்பிடு" என்பார். உடைத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று, பஞ்சுபோல, பூ. தேங்காயில் பூ விழுந்தால் நல்ல சேதி வரும் என்பது நம் ஆட்களில் யாருக்குத்தான் தெரியாது? பெண்கள் குலவை போட்டார்கள். "வந்துடுவான் பாரு" என்பார் தாத்தா. பூவையும் பருப்பையும் என் மடியில் போட்டு, "பிரசாதம், வீட்டுக்குக் கொண்டுபோவாதே, இங்கேயே சாப்பிடு" என்பார். அம்மன் கொடுத்ததை வேண்டாமென்று சொல்ல முடியுமா? சாப்பிட்டேன். இனிக்கும்.

எல்லா வெள்ளியும் தேங்காய் இருக்காது. இருந்த வெள்ளியெல்லாம் பூ விழுந்தது. வேறு யாருக்கும் விழாதது எனக்கு விழுகிறது என்று லயத்தில் தலை நிமிர்ந்து நடந்தேன். அந்தப் பஞ்சத்தில் யார் தேங்காய் கொடுப்பது என்று மட்டும் நான் கேட்கவே இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

ஒரு மழைக்காலை என் அடுப்பு அணைந்துவிட்டது. நெருப்புக்குத் தீட்டில்லை என்று உங்கள் வாசலில் வந்து நின்றேன். கதவு திறந்திருந்தது. அடுப்புக்குப் பின்னால், சூடு படுகிற இடத்தில், மட்டையோடு தேங்காய்கள் ஈர நாரில் படுத்திருந்தன, மேலே நனைத்த சாக்கு. மலாய்க்காரர் ஊரான கம்பத்தில் தேங்காய் உரிக்கப் போனால் உங்களுக்குக் கூலியாகக் கிடைப்பவை. நீங்கள் ஒன்றைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தீர்கள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் அடங்கியிருந்தால் பூ வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு பாராங் கத்தியால் மட்டையை உரித்தீர்கள். தேங்காயின் கண்ணிலிருந்து விரல்போல ஒரு முளை நீண்டிருந்தது. அதைக் கிள்ளியெறிந்து, அந்த இடத்தில் சாம்பலைத் தடவி, குடுமி நாரைச் சீவி அதன்மேல் இழுத்துவிட்டீர்கள். பார்த்தால் எதுவும் தெரியவில்லை.

"என்ன செய்யிறே?" என்றேன்.

நீங்கள் திடுக்கிடவில்லை. "வெள்ளிக்கிழமைக்குத்தான், தாயி."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. "அப்ப அந்தப் பூவெல்லாம்... அப்ப அவரு வரமாட்டாரா?"

"வருவாரா மாட்டாரான்னு எனக்கு எப்படித் தெரியும்? வயித்துல இருக்கிறது வரணும். அதுக்கு நீ திங்கணும். நான் குடுத்தா திங்க மாட்டே. அம்மன் குடுத்தா திங்கிறே. தாத்தாகிட்ட சொன்னேன், சரின்னுட்டாரு."

"சாமி பேரைச் சொல்லி ஏமாத்தியிருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"புள்ளத்தாச்சி பசிக்கு எந்தச் சாமி கோவிச்சுக்கும்? படிச்ச தாயி, இப்பத் தெரிஞ்சு போச்சில்ல? வெள்ளிக்கிழமை வருவியா மாட்டியா, அதைச் சொல்லு. வரலேன்னா இதுங்களுக்குத் துருவிப் போட்டுடுறேன்."

"இதுங்க" அடுப்போரம் குந்தியிருந்தன. உங்கள் பிள்ளைகள் இரண்டும் அந்தத் தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தன. பூ வளரட்டும் என்று ஒரு தேங்காயை முளைக்கப் போட்டால், அத்தனை நாளும் அது கண்முன்னே கிடக்கும், தின்ன முடியாது. அவர்கள் அப்படித்தான் பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கிறார்கள். நெருப்பு வாங்காமலே திரும்பினேன்.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் வயிற்றில் பிள்ளை உதைத்தது. போனேன். தாத்தா என் முகத்தைப் பார்க்காமல் உடைத்தார். பூ விழுந்தது. குலவை எழுந்தது. நீங்கள் வழக்கமாக நிற்கிற இடத்தில், தகரத்துக்கு வெளியே, தூறலில், பிள்ளைகளோடு நின்றீர்கள். யார் வீட்டுத் தேங்காய் என்று தெரிந்தே தின்றேன். இனிக்கத்தான் செய்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு துண்டு கொடுக்கலாம் என்று தோன்றியது. எல்லாரும் பார்க்க எழுந்து உங்களிடம் நடந்து வர வேண்டுமே! உட்கார்ந்தே இருந்தேன். தலையைத் தூக்கி உங்களை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

அவர் வரவில்லை. மகன் பிறந்தான். நடக்கத் தெரிந்ததும் உங்கள் அடுப்படிக்குத்தான் ஓடினான். "என் தேங்காயில வளந்தவன், வாசனை புடிச்சு வர்றான்" என்று என் காதில் விழும்படியாகவே சொல்வீர்கள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு வருவான். நான் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன். அவ்வளவு நடந்த பிறகும் "உள்ளே வா" என்று ஒரு நாளும் உங்களைக் கூப்பிட்டதில்லை. சண்டை ஓய்ந்து, பிள்ளைகளோடு நீங்கள் லுக்குட் பக்கம் போய்விட்டீர்கள். போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்ற சேதி, காரியமெல்லாம் முடிந்த பிறகு பசாரில் யாரோ சொல்லித்தான் எனக்கு வந்தது.

அந்த மகனின் மகள்தான் ஐஸ் பெட்டிமேல் விதை வைத்திருப்பவள். விதை முளைக்கச் சூடு வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருகிறாள்.

இன்றைக்கும் கோயிலுக்குத் தேங்காய் வாங்கினால் குடுமியை விலக்கிக் கண்ணைத் தடவிப் பார்க்கிறேன். அழுகலா என்று பார்க்கிறேன் என நினைத்துக் கடைக்காரர் கோபித்துக்கொள்வார். முளை தட்டுப்பட்டால் அதையே வாங்குவேன். கோயிலில் பூ விழும், பக்கத்தில் நிற்பவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்தப் பூவை நான் வாயில் வைப்பதில்லை. கோயிலுக்கு வெளியே ஏதாவது பிள்ளைகள் நிற்கும். முட்டிவலியோடு எழுந்து, எல்லாரும் பார்க்க, நானே நடந்து போய் அதுகள் கையில் கொடுக்கிறேன். அன்றைக்கு நடக்காத அந்த நாலு எட்டை இன்னும் நடந்து முடித்தபாடில்லை, அக்கா.