கழற்றிய மோட்டார் அனுப்பிய தகவல்

மே 12, செவ்வாய்

பம்ப்செட்டை ஃபோனிலிருந்தே இயக்குவதற்கு நாங்கள் செய்த ஆப்பில், மணலூர்பேட்டை விவசாயி ஒருவரின் மோட்டார் அனுப்பும் தகவல் மட்டும் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகவே தெரிந்தது. சாயந்திரம் பைட்டுகளை எழுத்தாக்கும் என்கோடிங்கை மாற்றினேன். உடனே வாசிக்க முடிந்தது: “மோட்டார் ஓடுகிறது.”

சந்தோஷத்தில் அவரை ஃபோனில் கூப்பிட்டேன்.

“இன்னாம்மா சொல்ற? கெணறு வத்திப்போச்சுன்னு மோட்டாரு, தகவல் அனுப்புற பொட்டி எல்லாத்தையும் கயட்டி வூட்டுல போட்டு வச்சிக்கினு இருக்கேன்.”

பழைய தகவலாக இருக்கும் என்று நேரத்தைப் பார்த்தேன். அந்த நிமிடம் வந்ததுதான்.

“இரு, கெணத்தாண்ட போய்ப் பாத்துட்டு சொல்றேன்.”

போகாதீங்க என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு வரி வந்தது: “மோட்டார் நின்றது.”

அவர் இன்னும் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

இப்போதுதான் ஃபோன் சிணுங்கியது. அவர் இல்லை. ஆப்: “மோட்டார் ஓடுகிறது.”