தீராத பேட்டரி

14-8-1994, ஞாயிறு இரவு

நெஞ்சில் பேஸ்மேக்கரை மாற்றிப் பதினைந்து நாள் ஆகிறது. கழற்றிய பழசை நானேதான் டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்தேன். எட்டு வருஷம் எனக்காக உழைத்ததைக் குப்பையில் போட மனசு வரவில்லை. அலமாரியைப் பூட்டாமல் விட்டது என் தப்பு.

என் பெண்டாட்டியின் தம்பி முருகேசன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். நெஞ்சு வைத்தியத்துக்கு அந்தப் படிப்பு போதாதா? என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதைப் பட்டறைக்கு எடுத்துப்போய், வைஸில் இறுக்கி அறுத்திருக்கிறான். இன்று மத்தியானம் மீட்டரும் கையுமாக வந்து, எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, உள்ளே இருந்த பேட்டரியில் வயரை வைத்துக் காட்டினான்.

“பாரு மாமா, முள்ளு ஏறுது. இன்னும் சார்ஜ் கீது. உன்ன நல்லா ஏமாத்திட்டானுங்க.”

அது முழுக்கத் தீர்ந்தால் நானும் தீர்ந்துபோவேன், அதனால்தான் முன்கூட்டியே மாற்றுகிறார்கள் என்றேன். மேதை சிரித்தான். சரி, அவன் மடையன். இவளுக்கு என்ன வந்தது? முப்பது வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள், “இன்னும் ஒரு வருசமாச்சும் ஓட்டியிருக்கலாம்” என்கிறாள்.

ரேடியோ செல் தீர்ந்தாலும் தூக்கிப்போடாமல் வெயிலில் காயவைத்து ஓட்டுகிற குடும்பம்.

சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவரில் மூன்று டார்ச் செல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நாலாவதாக என்னுடையது.