ஒன்பது மில்லிமீட்டர்

புதன். மாலை மழை.

பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் ஜாம். நல்லது. காரில் உட்கார்ந்தே அலமாரிக்குப் படம் போட்டு முடித்தேன்.

அக்கா ஞாயிறு மதியம் அம்பாங்கிலிருந்து பிரசவத்துக்கு வருகிறாள். என் அறை அவளுக்கு, நான் ஹாலில். அது பிரச்சினை இல்லை. கலர் அரிசிதான் பிரச்சினை. தீபாவளிக்குப் பேரங்காடியில் நான் போடப்போகும் கோலத்துக்கு இரண்டு மாதமாகச் சாயம் ஏற்றி உலர்த்தியது. முறுக்கு போட்டு வைக்கும் சிவப்பு மூடி பிளாஸ்டிக் ஜாடி, பாலாங், மொத்தம் 42, தலா 2 கிலோ. கட்டிலடியில், கதவுக்குப் பின்னால், எங்கும்.

அப்பாவின் தீர்ப்பு: "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மேருவில கோழி வளர்க்கிற மாமாவோட லோரி வரும். ஒரு பாலாங் தரையில கெடந்தாலும் மொத்தமும் அவரு கோழிக்கு."

"சாயம் போட்ட அரிசிப்பா!"

"கலர் கலரா முட்டை போடட்டும்லா."

சொன்னால் செய்வார்.

வியாழன். வெயில்.

தட்டுக்கு 7 பாலாங், 6 தட்டு. சரியாக 42! ஆழம் 300 மிமீ. உயரம் 2390. ஹால் கூரை 2400. பத்து மிமீ மிச்சம். அழகு.

பலகைக் கடை அண்ணன் அறுத்துக்கொண்டே, "பாஸ், மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு பீஸா செய்யலாமே?"

"ஒரே பீஸ்ண்ணே. கணக்கு போட்டாச்சு."

"இன்ஜினியரா?"

"ஆமா."

"அப்ப சரி," என்றார். அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

லிஃப்டில் பலகை நுழையவில்லை. மூன்று மாடி, நான்கு நடை. தோள் எரிகிறது. பரவாயில்லை.

சனி. புழுக்கம்.

ஹால் தரையில் படுக்க வைத்துப் பூட்டினேன். பசை + ஸ்குரூ. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. இவ்வளவு நேராக என் வாழ்க்கையில் எதுவும் செய்ததில்லை.

மாலை 5. அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தூக்கினோம். பாதிக்கு மேல் எழுந்தது. டொக். கூரையில் இடித்து நின்றது.

நிற்கும்போது 2390 தான். ஆனால் படுத்தது எழும்போது மூலைக்கு மூலை கூரையைத் தாண்ட வேண்டும். அது 2409. ஒன்பது மிமீ அதிகம். பள்ளிக்கூடத்துக் கணக்கு! முட்டாள். முட்டாள்.

அப்பா சோபாவில் சரிந்து சிரித்தார். "இன்ஜினியர் சார், கூரையை ஒசத்தலாமா?"

பசை காய்ந்துவிட்டது. பிரிக்க முடியாது.

ஞாயிறு. தூறல்.

விடிந்ததும் பதில் வந்தது. கீழ்த்தட்டுக்கு அடியில் கால் 60 மிமீ நீள்கிறது. அதில் 20 வெட்டினால் மூலைக்கு மூலை 2389. போகும்!

7.00. அறுக்கத் தொடங்கினேன். அலமாரி ஆடியது. அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்தார்.

"அறுடா. கோடு தாண்டுது பாரு. நேரா!"

"கோழி பக்கம்தானே நீங்க?"

"பேசாம அறு."

9.10. தூக்கினோம். மூச்சுவிடவில்லை. மூலை கூரையை உரசாமல் போனது. நின்றது! நின்றது!! அம்மா சமையலறையிலிருந்து கைதட்டினார்.

9.40. சுவரோடு சேர்த்துப் பூட்ட L இரும்பு நான்கு வேண்டும். அது இல்லாமல் பாரம் ஏற்றினால் முன்னால் சாயும். அப்பாவிடம் சொல்ல வேண்டும். டீ குடித்துவிட்டு

கீழே லோரி ஹார்ன். ஹாலில் கடகடவென்று சத்தம். அப்பா மேல்தட்டிலிருந்து பாலாங் அடுக்குகிறார். "மாமா வந்தாச்சு, சீக்கிரம் வாடா! மஞ்சள் எங்க?"

ஓடுகிறேன்