சாமி வாயில் வைக்காத எண்ணெய்

பீர்மேடு
9 செப்டம்பர் 1957, திங்கள்

கம்பத்துச் செக்கிலிருந்து ரப்பர் விதை எண்ணெய் நான்கு டின் வந்தது. தோட்டத்துத் துரைக்கு இரண்டு கேள்வி. தேயிலை ஃபாக்டரி எஞ்சினில் டீசலுக்குப் பதில் இதை ஊற்றலாமா? தொழிலாளிகளுக்குச் சமையல் எண்ணெயாக விற்கலாமா? கெமிஸ்ட்ரி படித்த நான்தான் சோதித்து எழுத வேண்டும். ரிப்போர்ட் திருப்தியாக இருந்தால் கோயமுத்தூர் லேபரட்டரி வேலைக்குச் சிபாரிசு செய்வாராம். கல்பாத்திக்கு, என் மனைவி சேஷம்மாளுக்கு, இன்றே கடுதாசி போட்டுவிட்டேன். அவசரக்குடுக்கை நான்.

14 செப்டம்பர்

காய்ச்சி, ஃபிளானல் துணியில் மூன்று தரம் வடிகட்டி எஞ்சினுக்கு ஊற்றினேன். ஆறு மணி நேரம் ஓடிற்று. புகை கொஞ்சம் ஜாஸ்தி.

16 செப்டம்பர்

தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் ஆறு வீட்டுக்கும் பங்கிடச் சொல்லி, கொழுந்து கிள்ளும் மதலேனம்மாளிடம் ஒரு டின் கொடுத்தேன். என் கண் முன்னாலேயே வடை சுட்டு இலையில் வைத்து நீட்டினாள். லயத்து வீட்டில் கை நனைக்கிற வழக்கம் எனக்கில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி வந்துவிட்டேன்.

26 செப்டம்பர்

எண்ணெய் எப்படி என்று மதலேனம்மாளைக் கேட்டேன். "நல்லாருக்கு சாமி" என்றாள். "ஆறு குடும்பங்கள் பத்து நாள் சமைத்துச் சாப்பிட்டன, உபத்திரவம் ஏதுமில்லை" என்று ரிப்போர்ட்டில் எழுதி அனுப்பியாயிற்று.

21 அக்டோபர்

கிறிஸ்துமஸுக்குத் தோட்டத்துக் கடையில் விற்க முப்பது டின் வரவழைத்துவிட்டார் துரை. பெருமையாக மதலேனம்மாளிடம் சொன்னேன். அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

"சாமி அன்னைக்கி வாயில வைக்கலயே. படிச்சவுக, ஏதோ தெரிஞ்சுதான் திங்கலன்னு வடையக் கொட்டிட்டோம். எண்ணெய எல்லா ஊட்டுலயும் வெளக்குக்கு ஊத்தியாச்சு. நல்லால்லன்னு சொன்னா கோவிச்சுக்குவீகளேன்னுதான்..."

ஆக, விளக்கு எரிந்ததைத்தான் சமையல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மிச்ச எண்ணெயில் இரண்டு அப்பளம் பொரித்துத் தின்று பார்த்தேன். குமட்டும் கசப்பு. அரை மணியில் வாந்தி. இதையா லயத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கப் பார்த்தேன்? எஞ்சினுக்கு மூணு தரம் வடிகட்டினவனுக்கு இவாளுக்கு ஒரு தரம் வடிகட்டத் தோணலையே. ஆசாரமாம் ஆசாரம் — வெட்கமா இருக்கு. என்ன மனுஷன் நான்?

22 அக்டோபர்

துரையிடம் போகவில்லை. வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

23 அக்டோபர்

சொல்லிவிட்டேன். நீயே ஏன் தின்று பார்க்கவில்லை என்று கேட்டார். காரணத்தைச் சொல்ல வாய் கூசிற்று, சொன்னேன். ரிப்போர்ட்டை என் கையாலேயே அடித்துத் திருத்தினேன். முப்பது டின்னும் எஞ்சினுக்குப் போகும். கோயமுத்தூர் பேச்சு முடிந்தது.

2 நவம்பர்

சேஷம்மாளுக்கு என்னவென்று எழுத?

25 டிசம்பர், புதன்

மதலேனம்மாள் வீட்டுக்கு நானாகவே போனேன். தட்டில் முறுக்கு கொண்டுவந்து வைத்தாள். கடைத் தேங்காயெண்ணெய்தான் என்றாள், சாப்பிடச் சொல்லவில்லை. எடுத்துக் கடித்தேன். நான் மென்று விழுங்கும் வரைக்கும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் தட்டைத் தொடவில்லை.